28 வாரத்தில் பிறந்த பிள்ளையின் மூளை வழுவழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டுமா?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். அவருடைய தங்கச்சிக்கு 28 வாரத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை, நிறை 1 கிலோ 50 கிராம். முதல் வாரத்தில் உச்சிக்குழியில் வைத்து எடுத்த ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம் "மூளை இன்னும் வழுவழு என்றுதான் இருக்கு" என்று சொன்னது தங்கச்சியின் காதில் விழுந்திருக்கிறது. அதை அவர் வீட்டில் சொல்ல, வீட்டிலிருந்து லயம் முழுக்கப் பரவி, இப்போது "மடிப்பில்லாத மூளை, படிப்பு ஏறாது" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்கிறார்களாம். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான், பாலும் நன்றாகக் குடிக்கிறான். அக்காவின் கேள்விகள்: நிறைமாதப் பிள்ளைக்கு இருக்கிற மடிப்பு இவனுக்கு வருமா, கண்டிக்குக் கொண்டுபோய் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டுமா, மூளை ஏன்தான் மடிகிறது?

நான் ஹட்டன் பக்கத்து லயத்தில் வளர்ந்தவன், இப்போது பிறந்த பிள்ளைகள் பிரிவில் வேலை செய்கிறவன். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையத் தாய்மார் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் அக்கா, ஆறுதலாகப் படியுங்கள், தங்கச்சிக்கும் படித்துக் காட்டுங்கள்.

முதலில் பதில். 28 வாரத்தில் பிறந்த பிள்ளையின் மூளை ஏறக்குறைய வழுவழுப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த வயதில் நிறைமாதப் பிள்ளையின் மூளை போல ஆழமான மடிப்புகளோடு இருந்திருந்தால்தான், வாரக் கணக்கில் எங்கோ பிழை என்று நாங்கள் சந்தேகப்பட்டிருப்போம். அந்த டொக்டர் சொன்னது பிள்ளையின் வயதைப் பற்றிய ஒரு குறிப்பு. அதில் நோய் எதுவும் இல்லை. தாயின் காதில் விழும்படி விளக்கமில்லாமல் சொல்லியிருக்கக் கூடாது, அது வேறு விஷயம்.

இப்போது எது எப்போது நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் எல்லாமே வாரக் கணக்குதான். பெருமூளையின் மேலே 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு படை இருக்கிறது. அதைத்தான் மேற்பட்டை என்கிறோம். பார்ப்பது, கேட்பது, கை அசைப்பது, பேசுவது, நினைப்பது என்று பெரும்பாலான வேலைகளுக்கு வேண்டிய நரம்புக்கலங்கள் அதில்தான் நிறைந்திருக்கின்றன. வளர்ந்த மனிதனின் மேற்பட்டையை விரித்தால் ஏறக்குறைய 2,000 சதுர சென்ரிமீற்றர் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள்ளே ஒளிந்திருக்கிறது, வெளியே தெரிவது மிச்சம் ஒரு பங்குதான்.

கருவில் 20 வாரம் வரை இந்தப் படை கிட்டத்தட்ட வழுவழுப்பு. 14 முதல் 16 வாரத்தில் பக்கவாட்டில் ஒரு ஆழமில்லாத குழி தெரியத் தொடங்கும், சில்வியஸ் பள்ளம் என்பார்கள். அப்புறம் மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கான இடத்தில் ஒரு கோடு. 20 வாரத்தையொட்டி நடுவில் மத்திய பள்ளம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருக்கிற மேடு கைகால்களை அசைப்பதற்கு, பின்னால் இருக்கிற மேடு தொடுவதை உணர்வதற்கு. 1977இல் அமெரிக்காவில் சி, டூலிங், கில்ஸ் என்ற மூன்று பேர் 500க்கும் மேற்பட்ட மூளைகளை வாரவாரியாக அடுக்கிப் பார்த்து இந்த வரிசையை எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் நாங்கள் நம்பிப் பார்க்கிற வரிசை அது. காதுக்கு நேரே உள்ளே இருக்கிற மேல் பொட்டுப் பள்ளம் இடது பக்கத்தைவிட வலது பக்கத்தில் ஓரிரு வாரம் முந்தித் தோன்றும் என்பதையும் அவர்கள்தான் கவனித்தார்கள். பேச்சுக்கும் கேட்பதற்கும் உரிய அந்த இடத்தில் இடமும் வலமும் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னாலேயே வேறு வேறு வேகத்தில் போகின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

24 வாரத்திலிருந்து 28 வாரத்துக்குள் முக்கியமான பள்ளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தொடங்கிவிடும், ஆனால் ஆழமில்லை. ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அவை உண்மையில் தோன்றிய நாளைவிடச் சில வாரங்கள் தாமதித்துத்தான் கண்ணுக்குப் பிடிபடும். அதனால்தான் பார்த்தவர் வழுவழுப்பு என்றார். 32 வாரத்தையொட்டி இந்த முதல் பள்ளங்களிலிருந்து கிளைகள் பிரிகின்றன. 36 வாரத்துக்கு மேல் கிளையிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் வருகின்றன, அந்த வேலை பிறந்த பிறகும் தொடரும். முதல் பள்ளங்கள் உலகத்தில் எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்கும். கடைசியாக வரும் குட்டி மடிப்புகளோ ஆளுக்கு ஆள் வேறு, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்குக்கூட ஒத்துப்போகாது.

உச்சிக்குழி ஸ்கேனில் இதை எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன், தங்கச்சி அடுத்த முறை திரையைப் பார்க்கும்போது அவருக்கே புரியும். கருவியை உச்சிக்குழியில் வைத்து நெற்றிப் பக்கமிருந்து பிடரிப் பக்கம் நோக்கி ஒரு வெட்டுப் பார்த்தால், நடுவில் கொம்பு மாதிரி வளைந்த ஒரு கருமையான வில் தெரியும், இரண்டு அரைமூளைகளையும் இணைக்கிற நார்க்கட்டின் வில் அது. அதற்கு மேலே அதே வளைவில் ஒரு கோடு ஓடும். 28 வாரத்தில் அந்தக் கோடு தனியாக, சில இடங்களில் அறுந்து அறுந்து இருக்கும். 32, 33 வாரத்தில் அதிலிருந்து மேல்நோக்கிக் கிளைகள் புறப்பட்டிருக்கும். நிறைமாதத்தில் அந்த இடம் முழுக்கக் கோடுகளால் நிரம்பி, தாய்க்கோடு எது கிளை எது என்று பிரிப்பதே கஷ்டமாகிவிடும். பக்கவாட்டு வெட்டில் சில்வியஸ் பள்ளம் 28 வாரத்தில் வாய் திறந்த அகலமான இடைவெளி, நிறைமாதத்தில் இரண்டு பக்க உதடுகளும் நெருங்கி வந்து மூடியிருக்கும். ஒரே பிள்ளைக்கு 28 வாரத்திலும் 36 வாரத்திலும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது ஒரே பிள்ளைதானா என்று கேட்கத் தோன்றும். எட்டு வாரத்தில் அவ்வளவு மாற்றம்.

சரி, ஏன் மடிகிறது?

நரம்புக்கலங்கள் பிறப்பது மேற்பட்டையில் இல்லை. மூளைக்கு நடுவே நீர் நிரம்பிய அறைகள் இருக்கின்றன, அந்த அறைகளின் சுவரையொட்டி அவை பிறந்து, உள்ளேயிருந்து வெளியே நீளும் துணைக்கலங்களின் நாரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து சேர்கின்றன. பிறகு வருகிறவை முன்பு வந்தவற்றைத் தாண்டிப் போய் மேலே இடம் பிடிக்கும். இந்தப் பயணம் பெரும்பாலும் ஆறாம் மாத முடிவுக்குள் முடிந்துவிடுகிறது. அதாவது 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு மேற்பட்டைக்கு வேண்டிய கலங்களில் பெரும்பகுதி ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கலமும் கிளை விடுகிறது, பக்கத்துக் கலத்தோடு இணைப்புப் போடுகிறது, துணைக்கலங்கள் பெருகுகின்றன, தூரத்திலிருந்து நார்கள் வந்து நுழைகின்றன. இதனால் மேற்பட்டை தடிப்பதைவிடப் பக்கவாட்டில் விரிவதுதான் அதிகம். கீழே இருக்கிற பகுதி அந்த வேகத்துக்கு விரியவில்லை. பாவாடை தைப்பவர்களுக்கு இது தெரியும்: நீளமான துணியைக் குட்டையான இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்தால் துணி சுருக்கு விழுந்துதான் ஆக வேண்டும். மேற்பட்டையும் கீழே இருப்பதோடு ஒட்டியிருக்கிறது, விலகி ஓட முடியாது, ஆகவே மடிகிறது.

இந்த எண்ணத்தை 1975லேயே ரிச்மன் என்பவரும் கூட இருந்தவர்களும் கணக்காக எழுதினார்கள். அப்புறம் 1997இல் வான் எசன் என்ற ஆய்வாளர் வேறு மாதிரிச் சொன்னார்: அதிகம் பேசிக்கொள்ளும் இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கிற நரம்பு நார்கள் இழுவிசையோடு இருப்பதால் அந்த இரண்டு சுவர்களும் நெருங்கி, நடுவில் மேடு உண்டாகிறது என்று. அழகான எண்ணம், நிறையப் பேர் நம்பினார்கள். ஆனால் 2010இல் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான விலங்கின் வளரும் மூளையை வெட்டிப் பார்த்தபோது, நார்களில் இழுவிசை உண்டு, ஆனால் அந்தக் கொள்கை சொன்ன இடத்தில், மேட்டின் இரண்டு சுவர்களுக்குக் குறுக்கே, அது இல்லை என்று தெரிந்தது. என் கருத்தில் விரிவு வேகத்தின் வித்தியாசம்தான் முதன்மைக் காரணம், நார்கள் துணைக் காரணம்.

2016இல் வந்த பரிசோதனை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹார்வர்டில் இருக்கும் மகாதேவனும் பின்லாந்தின் டல்லினெனும் இன்னும் சிலரும் சேர்ந்து, 22 வாரக் கருவின் எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து ஒரு வழுவழுப்பான மூளை உருவத்தைக் களி மாதிரியான மென்மையான ஒரு பொருளில் வார்த்து, அதன் மேல் ஒரு மெல்லிய படையைப் பூசினார்கள். அதை ஒரு திரவத்தில் போட்டபோது மேல்படை மட்டும் திரவத்தை உறிஞ்சி ஊதியது. கலம் இல்லை, மரபணு இல்லை, இரத்தம் இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அந்தக் களி மனித மூளையைப் போல மடிந்தது, பெரிய பள்ளங்களின் திசைகூட உண்மையானதோடு பெருமளவு ஒத்துப்போனது. 22 வாரத்தில் மூளைக்கு என்ன வடிவம் இருக்கிறது, மேல்படை எவ்வளவு தடிப்பு, எவ்வளவு வேகமாக விரிகிறது என்பவையே மடிப்புகளின் இடத்தை நிறையத் தீர்மானித்துவிடுகின்றன. மரபணுக்களின் வேலை அந்த வடிவத்தையும் வேகத்தையும் அமைப்பதில் இருக்கிறது.

ஒரு கணக்கும் சொல்கிறேன், இதுதான் குறைமாதப் பிள்ளைகளின் கதைக்கு வாசல். ஒரு பொருள் வடிவம் மாறாமல் கனவளவில் இரண்டு மடங்கு பெருத்தால் அதன் மேற்பரப்பு 1.6 மடங்குதான் ஆகும். ஆனால் லண்டனில் 29 வாரத்துக்கு முன்னால் பிறந்த நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூளை இரண்டு மடங்கு ஆகும்போது மேற்பட்டையின் பரப்பு ஏறக்குறைய 2.4 மடங்கு ஆனது. மடிப்பு வருவது இந்த இடைவெளியில்தான். அதே ஆய்வில், எவ்வளவு முந்திப் பிறந்தார்களோ அவ்வளவுக்கு இந்த விகிதம் கொஞ்சம் குறைந்திருந்தது, பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது, குறைந்தவர்களில் இரண்டு வயது வளர்ச்சிப் புள்ளிகளும் சராசரியில் குறைவாக இருந்தன. 2000ஆம் ஆண்டிலேயே அதே லண்டனில் நடந்த ஒரு சின்ன ஆய்வு, மிக முந்திப் பிறந்த பிள்ளைகள் 40 வாரக் கணக்கை எட்டும்போது அவர்களின் மேற்பட்டை நிறைமாதமாய்ப் பிறந்தவர்களுடையதைவிடப் பரப்பில் குறைவாகவும் மடிப்பில் எளிமையாகவும் இருந்ததைக் காட்டியிருந்தது.

ஆகவே அக்காவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மடிப்பு வரும். வயிற்றுக்கு வெளியே வந்துவிட்டதால் மடிப்பு நின்றுவிடாது, முதல் பள்ளங்கள் அதே வரிசையில், ஏறக்குறைய அதே வாரங்களில் வரும். ஆனால் மிக முந்திப் பிறந்தவர்களில் சராசரியாக எடுத்துப் பார்த்தால், நாள் கணக்குப்படி பிறந்திருக்க வேண்டிய நாளில் கொஞ்சம் பின்தங்கியிருக்கும். சராசரி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுகளில் இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளின் அளவுகளும் ஒன்றோடொன்று நிறையக் கலந்துதான் கிடக்கின்றன. ஒரு தனிப் பிள்ளையின் மடிப்பைப் பார்த்து "இவன் படிப்பான், இவன் படிக்க மாட்டான்" என்று சொல்ல எந்த டொக்டராலும் முடியாது. லயத்தில் யாராலும் முடியவே முடியாது.

ஏன் பின்தங்குகிறது? 28 வாரத்துக்கும் 40 வாரத்துக்கும் நடுவேதான் மூளை மிக வேகமாக வளர்கிறது. 34 வாரத்தில் மூளையின் நிறை நிறைமாத மூளையின் நிறையில் மூன்றில் இரண்டு பங்குதான், மேற்பட்டையோ 29 வாரத்திலிருந்து 40 வாரத்துக்குள் கனவளவில் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இந்த வேலை முழுவதும் தாயின் நச்சுக்கொடி வழியாக ஓய்வில்லாமல் வரும் சாப்பாட்டை நம்பி நடப்பது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த வழி ஒரே நாளில் அறுந்துவிடுகிறது. பால் செரிக்கக் குடல் தயாராக இல்லை, மூச்சுக்கு நுரையீரல் தயாராக இல்லை, கிருமி தொற்றினால் உடம்பு முழுக்க அழற்சி. மேற்பட்டைக்குக் கீழே, தூரத்திலிருந்து வரும் நார்கள் நுழைவதற்காகக் காத்துநிற்கிற ஒரு தற்காலிகப் படை இருக்கிறது, அது 28, 30 வாரத்தில்தான் மிகத் தடிப்பாக இருக்கும், பிறகு கரைந்துபோகும். நரம்பு நார்களுக்கு உறை போடப் போகிற இளங்கலங்களும் இந்த வாரங்களில்தான் ஒட்சிசன் குறைவையும் அழற்சியையும் தாங்க முடியாத நிலையில் இருக்கின்றன. அங்கே அடி பட்டால் மேலே இருக்கிற மேற்பட்டையின் விரிவும் தடுமாறும்.

நம் மலைநாட்டில் இன்னொரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் நிறை குறைவாகப் பிறப்பது மற்ற இடங்களைவிட அதிகம். நிறை குறைந்த பிள்ளையை எல்லாம் "குறைமாதம்" என்று சொல்லிவிடுகிறோம். 38 வாரத்தில் 1 கிலோ 800 கிராமில் பிறந்த பிள்ளையின் மூளையில் கிளை விட்ட ஆழமான பள்ளங்கள் இருக்கும். 32 வாரத்தில் அதே 1 கிலோ 800 கிராமில் பிறந்த பிள்ளைக்கு இருக்காது. தராசு ஒன்றைச் சொல்லும், மூளை வாரத்தைச் சொல்லும். கருவில் வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கும் மேற்பட்டையில் பாதிப்பு வரலாம், அது வேறு பாதை, வேறு கவனிப்பு. அதனால் வாரக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கடைசி மாதவிடாய்த் தேதி ஞாபகம் இல்லாமல், முதல் மூன்று மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனும் எடுக்காமல் விட்டால், பிறகு வரும் கணக்கில் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே ஆகிவிடும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் படம் எவ்வளவு மாறும் என்று மேலே பார்த்தோம். நாள் கணக்கு பிழைத்தால், சரியாக வளர்கிற மூளையைப் பார்த்து மடிப்பு குறைவு என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் தேதி சந்தேகமாக இருக்கும் பிள்ளையை, உடம்பின் அடையாளங்களுக்குப் புள்ளி போட்டு வாரத்தைக் கணிக்கிற பலார்ட் அட்டவணை வைத்துப் பார்க்கிறோம். அதில் தோல், காது மடல், கைகால் மடங்கும் விதம் எல்லாவற்றோடும் உள்ளங்காலும் ஒரு புள்ளி. 28 வாரப் பிள்ளையின் உள்ளங்கால் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும், மங்கிய சிவப்புக் கோடுகள் சில இருந்தால் உண்டு. நிறைமாதப் பிள்ளையின் உள்ளங்கால் முழுக்க ரேகை ஓடியிருக்கும். இதைப் பிறந்து ஓரிரு நாளுக்குள் பார்க்க வேண்டும், தோல் காய்ந்தால் ரேகை மாறிவிடும். தங்கச்சியின் பிள்ளைக்கு இப்போது பார்த்துப் பயனில்லை.

உண்மையான வழுவழு மூளை நோய் என்று ஒன்று இருக்கிறது. யாராவது கைபேசியில் தேடி அதை வாசித்துவிட்டு வந்து பயமுறுத்தக்கூடும் என்பதால் அதையும் எழுதுகிறேன். நரம்புக்கலங்கள் உள்ளேயிருந்து மேலே ஏறுகிற பயணம் மரபணுக் கோளாறால் பாதி வழியில் நின்றுவிடுவது அந்த நோய். 17ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிற லிஸ்1, எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிற டிசிஎக்ஸ் ஆகிய மரபணுக்கள் அதில் முக்கியமானவை. அந்த நோயில் மேற்பட்டை வழக்கத்தைவிடப் பல மடங்கு தடித்திருக்கும், 40 வாரம் தாண்டியும் மடிப்பு வராது. அது மிக அரிது. 28 வாரப் பிள்ளையின் மேற்பட்டை மெல்லியது, கலங்கள் வந்து சேர்ந்தது, மடிய நேரம் வராதது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மடிப்பு கூடினால் புத்தி கூடும் என்பதும் சரியில்லை. டொல்பினின் மூளை மனித மூளையைவிட அதிகம் மடிந்தது. ஆட்டு மூளை வாங்கிக் கழுவியவர்களுக்குத் தெரியும், அதிலும் நல்ல மடிப்பு இருக்கிறது. மார்மோசெட் என்ற சின்னக் குரங்கின் மூளை ஏறக்குறைய வழுவழுப்பு, எலி இனத்துப் பெரிய விலங்கான கப்பிபராவின் மூளையில் மடிப்பு உண்டு. மடிப்பு பெரும்பாலும் மேற்பட்டையின் பரப்பையும் தடிப்பையும் பொறுத்த விஷயம். மடிப்பின் அளவை எண்ணாகச் சொல்ல ஒரு முறையும் இருக்கிறது: மூளையின் ஒரு வெட்டில் பள்ளங்களுக்குள் இறங்கி ஏறி அளந்த நீளத்தை, வெளிவிளிம்பை மட்டும் அளந்த நீளத்தால் வகுப்பது. முழு வழுவழுப்பு என்றால் 1. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 2.5 என்று 1988இல் சில்ஸ் என்ற ஜெர்மானியரும் கூட இருந்தவர்களும் அளந்தார்கள். நிறைமாதமாய்ப் பிறந்த பிள்ளைக்கும் அந்த எண் முழுதாக வந்திருக்காது, முதல் வருடத்தில் அது இன்னும் சுமார் 16 சதவீதம் கூடுகிறது, இரண்டாம் வருடத்திலும் கொஞ்சம் கூடுகிறது. மேற்பட்டையின் பரப்பு முதல் வருடத்தில் மட்டும் 1.8 மடங்காகிறது. தங்கச்சியின் பிள்ளைக்கு இந்த வளர்ச்சி இன்னும் முன்னால்தான் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. பற்றி. மடிப்பை எண்ணுவதற்காக மட்டும் பிள்ளையைக் குளிரில் பஸ் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். உச்சிக்குழி ஸ்கேனில் உள்ளே இரத்தம் கசிந்ததாகவோ, மேற்பட்டைக்குக் கீழே நரம்பு நார்கள் ஓடுகிற வெண்பொருளில் குழிகள் இருப்பதாகவோ, அறைகள் பெருத்ததாகவோ எழுதியிருந்தால், அல்லது தலையின் சுற்றளவு வளர்ச்சிக் கொப்பியில் இருக்கிற கோட்டைத் தாண்டி வேகமாக ஏறினால், டொக்டரே அனுப்புவார், அப்போது தயங்காமல் போக வேண்டும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு மடிப்பைவிட ஸ்கேனில் பார்க்கிற அந்த மூன்றும்தான் முக்கியம். அறைகளின் ஓரத்தில் நரம்புக்கலங்கள் பிறந்த இடத்து இரத்தக் குழாய்கள் 32 வாரம் வரை மிக மென்மை, கசிவு வருவது பெரும்பாலும் அங்கேதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் ஸ்கேன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதில் முதல் இடம் தாய்ப்பாலுக்கு, அடுத்தது சூட்டுக்கு. மஸ்கெலியாக் குளிர் சாதாரணமில்லை. குறைமாதப் பிள்ளைக்குத் தோலுக்குக் கீழே கொழுப்பு குறைவு, உடம்புச் சூட்டைக் காக்கவே குடித்த பாலை எல்லாம் செலவழித்துவிடுவான், பிறகு வளர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? அடுப்பங்கரையில் புகைக்குப் பக்கத்தில் கிடத்துவதைவிட, பிள்ளைக்குத் தொப்பியும் நாப்பியும் மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்து, மேலே கம்பளியால் சுற்றிக்கொள்வது பல மடங்கு நல்லது. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் 1978இல் தொடங்கிய முறை இது. அப்படி வளர்த்த பிள்ளைகளை அங்கே 20 வருடம் கழித்துப் பார்த்தபோதும் நன்மை தெரிந்தது, மூளையின் அளவிலும்கூட. தங்கச்சி வேலையாக இருக்கும் நேரத்தில் பிள்ளையின் அப்பா வைத்துக்கொள்ளலாம், அம்மாயி வைத்துக்கொள்ளலாம், யார் நெஞ்சும் சூடுதான். இருமல் தடிமன் உள்ளவர்கள் மட்டும் தள்ளி நிற்கட்டும். இரும்புச் சத்துச் சொட்டு மருந்து எழுதித் தந்திருந்தால் விடாமல் கொடுங்கள்.

பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது மூன்று மாதத்தைக் கழித்துப் பாருங்கள். 28 வாரத்தில் பிறந்தவன் 12 வாரம் முந்தி வந்தவன். பிறந்து ஐந்து மாதமானால் அவன் வளர்ச்சிக் கணக்கில் இரண்டு மாதப் பிள்ளை. இரண்டு வயது வரை அப்படித்தான் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் இல்லை, பிறந்த தேதிப்படிதான் போட வேண்டும். பக்கத்து வீட்டு ஐந்து மாதப் பிள்ளை கவிழ்ந்து படுக்கிறதே என்று ஒப்பிட்டுத்தான் பாதி வீடுகளில் அழுகை வருகிறது. கழித்த கணக்கில் மூன்று மாதமாகியும் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கையை மட்டும் எப்போதும் இறுக்கி வைத்திருக்கிறான், கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகின்றன, வலிப்பு வருகிறது, உச்சிக்குழி புடைத்து நிற்கிறது என்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் பிடித்தால் பயிற்சியால் நிறையத் திருத்தலாம், இந்த வயது மூளை அதற்கு நன்றாக இடம் கொடுக்கும்.

அடுத்த கிளினிக்குப் போகும்போது டயக்னோசிஸ் கார்டையும் பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியையும் எடுத்துப் போய், நான்கு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: உச்சிக்குழி ஸ்கேனில் கசிவோ குழியோ இருந்ததா, 40 வாரக் கணக்கில் மறுபடி ஸ்கேன் பார்த்தார்களா, தலைச் சுற்றளவு கொப்பியில் எந்தக் கோட்டில் போகிறது, கண் விழித்திரைப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் முடிந்துவிட்டதா. கண் பரிசோதனை பிறந்து நான்கு வாரத்தையொட்டித் தொடங்க வேண்டியது. அது விடுபட்டிருந்தால் அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்காமல் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.